நைட் டூட்டி முடித்தவள் எப்போது படிப்பாள்?

போன வருடம் எங்கள் பக்கத்தில் நடந்த அமைப்புக் கூட்டம் ஒன்றில் தீர்மானங்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பஞ்சமி நிலம், சிறப்பு உட்கூறுத் திட்ட நிதி, வன்கொடுமை வழக்குகள் என்று பட்டியல் நீண்டது. 'பணியிலிருக்கும் டிப்ளமோ நர்சுகள் பட்டப்படிப்பு முடிக்கச் சம்பளத்தோடு படிப்பு நாட்கள் வேண்டும்' என்று ஒரு வரியையும் சேர்க்கச் சொன்னேன். ஒரு தோழர் சிரித்துவிட்டார்.

"இன்னா தோழர், ஊரே பத்திக்கினு எரியுது, நீங்க நர்சுக்கு டிகிரி கேக்கறீங்க. டிகிரி மோகம் மத்தியதர வர்க்கத்து வியாதி தோழர்."

பக்கத்திலிருந்த மாணவத் தோழர் இன்னொன்று சொன்னார். "இப்பதான் எல்லாம் ஆன்லைன்ல வந்துடுச்சே. படிக்கிறவங்க போன்லயே படிச்சிட்டுப் போறாங்க. இதுக்கு எதுக்குத் தீர்மானம்?"

வரி சேரவில்லை. நானும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு பேருக்கும் அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

என் பெரியம்மா மகள் நர்ஸ். எங்கள் சேரியில் வெள்ளை யூனிஃபார்ம் போட்ட முதல் ஆள். பி.எஸ்சி. நர்சிங் சேர இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். அக்கா போன அரசுப் பள்ளியில் எங்கள் தெருப் பெண்களை வாத்தியார்கள் தள்ளிவிட்ட இடம் தொழிற்பிரிவு. அதை வைத்துக்கொண்டு ஒரு மிஷன் பள்ளியில் டிப்ளமோ, அதாவது ஜி.என்.எம்., சேர்ந்தாள். பெரியம்மா களைவெட்டிய காசும், பாதர் ஒருவர் எழுதிக்கொடுத்த சிபாரிசுக் கடிதமும்தான் அந்தப் படிப்பு. முடித்ததும் மாவட்டத் தலைநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். பதினெட்டு வருடமாக அங்கேதான் இருக்கிறாள்.

வாந்திபேதியில் வற்றிப்போன பிள்ளைக்கு நரம்பு கிடைக்காவிட்டால் எந்த வார்டிலிருந்தும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வென்ஃப்ளான் போட அவள் கை போதும். ஆனால் இன்சார்ஜ் சிஸ்டர் அவளில்லை. அவளிடம் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்ட பி.எஸ்சி. பெண்கள் மூன்று பேர் அடுத்தடுத்து இன்சார்ஜ் ஆகிவிட்டார்கள்.

"அந்தப் பொண்ணுங்க மேல எனக்குக் கோவமில்லடா" என்பாள் அக்கா. "நல்ல பொண்ணுங்கதான். கத்துக்குடுக்கறது நானு, கையெழுத்துப் போடறது அதுங்க. அவ்ளோதான்."

தோழர், இதில் மோகம் எங்கே இருக்கிறது?

நம் நாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பது ஒரே சாதி இல்லை. கீழே ஏ.என்.எம்., கிராம நர்ஸ். அதற்கு மேலே மூன்று வருட டிப்ளமோ. அதற்கும் மேலே நான்கு வருட பி.எஸ்சி. நம் நாட்டில் பட்டப்படிப்பு 1946இல் தில்லியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் தொடங்கியது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் நர்சிங் பள்ளி தொடங்கியபோது ஆறு மாத மகப்பேற்றுப் பயிற்சிக்கு வந்தவர்கள் நான்கே பேர் என்று பாடப்புத்தகங்களிலேயே இருக்கிறது. அன்றைக்கு இந்த வேலைக்கு ஆள் வரவில்லை. இரத்தம், மலம், சலம், பிள்ளைப்பேற்றுத் தீட்டு இவற்றைத் தொடுவது யார் வேலை என்று இந்தச் சமூகம் முன்னமே முடிவு செய்திருந்தது. ஊரில் பிள்ளை எடுத்தவர்கள் நாவிதர் வீட்டு மருத்துவச்சியும் நம் தெருக் கிழவிகளும்தான். பிள்ளையை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கொல்லை வழியாக வெளியே போனவர்கள் அவர்கள். தொப்புள்கொடி அறுத்த அந்தக் கைக்கு எந்தச் சர்க்காரும் சான்றிதழ் கொடுக்கவில்லை.

பிற்பாடு அந்த வேலைக்குச் சம்பளம் வந்தது. வளைகுடா, லண்டன், அமெரிக்கா என்று கதவுகள் திறந்தன. தீட்டு கொஞ்சம் காய்ந்ததும் எல்லா வீட்டுப் பெண்களும் வந்தார்கள். வரட்டும், தப்பில்லை. ஆனால் வந்தவர்களில் யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நான்கு வருடம் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பெண் பி.எஸ்சி.; முடியாத வீட்டுப் பெண் டிப்ளமோ. படிப்பில் கெட்டிக்காரியா இல்லையா என்ற பேச்சு அதற்கப்புறம்தான் வருகிறது.

மிஷன் பள்ளிகள் வழியாக வந்த நம் பெண்களுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி கிறித்தவரான தலித் பட்டியல் சாதி கிடையாது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த அந்தக் கதவு கிறித்தவருக்கு இன்னும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். சேரியில் பறையர், சர்ச்சில் பின்வரிசை, அட்மிஷனில் பி.சி. ஒரே பெண்ணுக்கு மூன்று முகவரி.

டிப்ளமோ நர்ஸ் பட்டதாரி ஆக 'போஸ்ட் பேசிக்' பி.எஸ்சி. என்று ஒரு வழி உண்டு. கல்லூரிக்குப் போய்ப் படித்தால் இரண்டு வருடம். வேலையை விட்டுவிட்டுத்தான் போக முடியும். வேலையை விட முடியாதவர்களுக்காக இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1994இல் இதே பட்டத்தைத் தொலைநிலை வழியில் கொண்டுவந்தது. மூன்று வருடம். பதிவு பெற்ற நர்சாக இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பாடத்தை வீட்டில் படிக்கலாம். செயல்முறைக்கு மட்டும் மையத்துக்கு நேரில் போய் நிற்க வேண்டும், லாக் புக்கில் கையெழுத்து வாங்க வேண்டும்.

இந்தப் பட்டம் எதற்கு என்றால், எம்.எஸ்சி. படிக்க வேண்டும், கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால் இது இல்லாமல் முடியாது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு 2020இலிருந்து 'நார்செட்' என்று பொதுத் தேர்வு வைக்கிறார்கள். பட்டம் இருந்தால் நேரே எழுதலாம். டிப்ளமோ என்றால் ஐம்பது படுக்கை ஆஸ்பத்திரியில் இரண்டு வருட அனுபவம் காட்ட வேண்டும். சேர்ந்த பிறகு இரண்டு பேருக்கும் ஒரே வேலை, ஒரே பெயர்.

இனி, "போன்லயே படிக்கலாமே" என்ற மாணவத் தோழருக்கு வருகிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிகள், மருத்துவம், பல்மருத்துவம், பொறியியல் ஆகியவற்றோடு நர்சிங்கையும் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாத படிப்புகளில் வைத்திருக்கின்றன. இந்திய நர்சிங் கவுன்சில் ஒப்புக்கொண்ட அந்த ஒரு தொலைநிலை வழியைத் தவிர, 'வீட்டிலிருந்தே டிகிரி' என்று போனில் வருவதெல்லாம் ஏமாற்று. அக்காவிடம் ஒரு ஏஜெண்டு வந்தான். வடக்கே ஏதோ ஒரு மாநிலத்துக் கல்லூரியாம். பரீட்சைக்கு ஒரு தடவை போனால் போதும், அட்டெண்டன்ஸை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம், பணத்தை மூன்று தவணையில் கட்டலாமாம். முதல் தவணைக்காக அக்கா பாங்குக்கு வந்து எனக்கு முன்னால் நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. தடுத்துவிட்டேன். அவளோடு வேலை பார்த்த இரண்டு பேர் கட்டிவிட்டார்கள். அந்தக் காகிதத்தை எந்த கவுன்சிலும் பதியாது. இப்படி ஏமாறுகிறவர்களை முட்டாள்கள் என்று சொல்லாதீர்கள். நேர்வழிக்கு லீவு கிடைக்காதவர்கள்தான் இந்தச் சந்தில் போய் விழுகிறார்கள்.

விதி ஒரேயடியாகத் தப்பு என்றும் நான் சொல்லவில்லை. பள்ளி முடித்த பெண்ணுக்கு ஊசி போடப் போன் வழியாகக் கற்றுக்கொடுக்க முடியாது. ஆனால் பதினெட்டு வருடம் ஊசி போட்டவளுக்கு மிச்சமிருப்பது என்ன? ஆராய்ச்சி முறை, சமூக நலவாழ்வு, நிர்வாகம், புள்ளியியல். இவற்றில் பெரும்பகுதியை எங்கிருந்தும் படிக்கலாம். கைக்கு ஏற்கெனவே தெரிந்ததை மதிப்பெண்ணாக ஏற்கிறோமா இல்லையா என்பதுதான் கேள்வி. கையின் அறிவை அறிவென்று ஒப்பாத புத்தி எங்கிருந்து வந்ததென்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கேள்விக்கு அமெரிக்கா வேறு பதில் சொல்லியிருக்கிறது. அங்கேயும் இரண்டு வழி. சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருட நர்சிங் படிப்பு 1952இல் மில்ட்ரெட் மாண்டாக் நடத்திய சோதனையிலிருந்து பரவியது. ஏழைகள், பிள்ளை பெற்ற பின் படிக்க வந்தவர்கள், கறுப்பினப் பெண்கள் என்று பலருக்கும் அது வாசலானது. நான்கு வருடப் பட்டக்காரியும் இவளும் எழுதுவது ஒரே உரிமத் தேர்வு. 1965இலேயே அமெரிக்க நர்சுகள் சங்கம் இனிப் பட்டம்தான் அடிப்படைத் தகுதியாக வேண்டும் என்று அறிக்கை விட்டது. 2010இல் அவர்களது மருத்துவக் கழகம், 2020க்குள் நர்சுகளில் எண்பது சதம் பேர் பட்டதாரிகளாக வேண்டும் என்றது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. நியூயார்க் மாநிலம் 2017இல், புதிதாக உரிமம் பெறுகிறவர்கள் பத்து வருடத்துக்குள் பட்டம் முடிக்க வேண்டும் என்று சட்டமே போட்டது.

இந்த நெருக்கடியில்தான் உரிமம் பெற்ற நர்சுகள் பட்டத்தை முழுக்க இணைய வழியிலேயே முடிக்கும் படிப்புகள் அங்கே பெருகின. முன்னால் படித்ததும் உரிமமும் கணக்கில் சேரும், மிச்சத்தை மட்டும் படித்தால் போதும். நம் விதி மூடிய கதவை அவர்கள் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து, பிள்ளைகளைத் தூங்கவைத்து, கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவள் அதே பெண்தான். சில ஆஸ்பத்திரிகள் கட்டணத்தில் ஒரு பகுதி தரும். இத்தனை வருடம் எங்களிடமே வேலை பார்க்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளும். கதவைத் திறந்தாலும் நேரத்தை யாரும் தருவதில்லை.

கறுப்பின நர்சுகளின் வரலாற்றை நம் தோழர்கள் படிக்க வேண்டும். அமெரிக்காவில் பயிற்சி முடித்த முதல் கறுப்பின நர்ஸ் மேரி மஹோனி, 1879. எம்மா ரெனால்ட்ஸ் என்ற பெண்ணைக் கறுப்பி என்பதற்காகச் சிகாகோ நர்சிங் பள்ளிகள் சேர்க்க மறுத்தன. அதன் விளைவாக டேனியல் ஹேல் வில்லியம்ஸ் என்ற கறுப்பின மருத்துவர் 1891இல் பிராவிடெண்ட் மருத்துவமனையையும் நர்சிங் பள்ளியையும் தொடங்கினார். 1908இல் கறுப்பின நர்சுகள் தனிச் சங்கம் கண்டார்கள். வெள்ளையர் சங்கம் கதவைத் திறந்த பிறகு, 1951இல்தான் அதைக் கலைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கதவை ஒரு கறுப்பினப் பெண் தனியாகத் தட்டித் திறக்கவில்லை. சங்கம் தட்டியது, நாற்பத்துச் சொச்சம் வருடம்.

மோகம் என்று சொன்ன தோழருக்கு இன்னொரு தகவல். 2003இல் லிண்டா எய்க்கன் குழுவினர் பென்சில்வேனியாவின் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்தார்கள். பட்டதாரி நர்சுகளின் விகிதம் பத்து சதம் கூடிய இடத்தில், அறுவை செய்துகொண்டவர்கள் முப்பது நாளுக்குள் சாகும் வாய்ப்பு ஐந்து சதம் குறைவு. படிப்பு உயிரைக் காக்கிறது. அரசு ஆஸ்பத்திரித் தரையில் பாய் விரித்துக் கிடப்பது நம் சனம். அவர்களைப் பார்க்கிற நர்சு நன்றாகப் படித்தவளாக இருக்க வேண்டும் என்று கேட்கிற முதல் உரிமை நமக்குத்தான் உண்டு. ஆக, பட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்குச் சண்டை இல்லை. அந்தப் பட்டத்துக்கான விலையை யார் கொடுப்பது என்பதில்தான் சண்டை.

என் கதையையே சொல்கிறேன். நான் பாங்கில் கிளார்க். பட்டம் இருந்தால் எங்களுக்கு இன்கிரிமெண்ட் உண்டு. பாங்கர்கள் நிறுவனத்துப் பரீட்சை பாஸ் பண்ணினால் அதற்கும் இன்கிரிமெண்ட். இதை எந்த மேனேஜரும் தர்மத்துக்குக் கொடுக்கவில்லை. 1966இல் முதல் இருதரப்பு ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து சங்கம் உட்கார்ந்து பேசிப் பேசி வாங்கியது. நான் படித்த படிப்பு எனக்குச் சம்பளமாக வருகிறது.

அக்காவுக்கு அது கடனாகப் போயிற்று. அவள் நுழைவுத் தேர்வு எழுதத் தயாரானபோது ஒரிஜினல் சான்றிதழ்கள் அவளிடம் இல்லை. வேலையில் சேர்ந்த அன்றே ஆஸ்பத்திரிக்காரன் வாங்கி பீரோவில் வைத்துவிட்டான். பாண்டாம். பதினேழு வருடம் கழித்தும் பாண்டு! கேட்டால், "நடுவுல போய்ட மாட்டேன்னு ஐம்பதாயிரம் டெபாசிட் கட்டு" என்றார்கள். நானும் இரண்டு தோழர்களும் போய்ப் பேசியும் நடக்கவில்லை. கடைசியில் அவளுடைய கம்மலும் செயினும் எங்கள் கிளைக்கே வந்தன. அப்ரைசர் எடை போட்டார். வவுச்சர் போட்டது நான். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, "ரசீத பத்திரமா வைடா" என்றாள்.

பல்வேறு தனியார் ஆஸ்பத்திரிகளில் இப்படித்தான் நடக்கிறது. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கத்தின் வழக்கில் 2016 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொன்னபடி மத்திய அரசு ஒரு குழு வைத்தது. ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்சுக்கு மாதம் இருபதாயிரத்துக்குக் குறையக் கூடாது, இருநூறு படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்சுக்குச் சமமாகத் தர வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே கிடக்கிறது. சர்க்காரும் யோக்கியமில்லை. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 7,243 நர்சுகளை மாதம் 7,700 ரூபாய்க்கு எடுத்தார்கள். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றார்கள். ஆகாததால் 2017 நவம்பரில் அந்தப் பெண்கள் சென்னையில் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். கழிப்பறையைப் பூட்டினார்கள் என்று அழுதுகொண்டே சொன்னார்கள். உயர்நீதிமன்றம் கலைந்து போகச் சொன்னது. கொரோனாவில் கூப்பிட்டுக்கொண்டவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை 2022 டிசம்பர் 31ஓடு போகச் சொன்னார்கள். நிரந்தரமே இல்லாதவளுக்கு ஏது படிப்பு விடுப்பு?

அண்ணல் அம்பேத்கரை நாம் சுவரொட்டியில் பட்டங்களோடு போடுகிறோம். அந்தப் பட்டங்களில் இரண்டு, வேலை பார்த்துச் சேர்த்த காசில் முடித்தவை என்பதை ஏன் சொல்வதில்லை? உதவித்தொகைக் காலம் முடிந்து 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை. அங்கேயும் தண்ணீர்ப் பானையைத் தொடக் கூடாது என்றார்கள் சக பேராசிரியர்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஷாகு மகராஜ் உதவியும் நண்பர் நவல் பத்தேனாவிடம் கடனும் வாங்கி, 1920இல் திரும்பப் போய் 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி. முடித்தார். பாதியில் விட்ட படிப்பை வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் முடிப்பதை மத்தியதர வியாதி என்பவர்கள் இதற்கு என்ன பெயர் வைப்பார்கள்?

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அது நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. அக்காவின் வார்டில் பெட்பேன் எடுக்கிற ஆயாம்மாவும் நம் சனம்தான். நோயாளி அக்காவிடம், "எந்த ஊர் சிஸ்டர்? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டுச் சாதி தேடுகிறான். ஆயாம்மாவிடம் கேட்பதேயில்லை, அவனுக்குத் தெரியும். நர்ஸ் ரூமில் ஆயாம்மாவுக்குத் தனி டம்ளர். பதினெட்டு வருடமாக நீ என்ன செய்தாய் என்று அக்காவைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நானும் அத மாத்தல" என்றாள். படி ஏறுகிறவள் தனக்குக் கீழே இருக்கிற படியை மிதித்துத்தான் ஏற வேண்டும் என்றிருந்தால் அந்த ஏணியால் விடுதலை இல்லை. பட்டம் கேட்கிற நம் கோரிக்கைக்குள்ளேயே ஆயாம்மா நர்ஸ் ஆகிற வழியும் இருக்க வேண்டும்.

எனவே அன்று சேராத தீர்மானத்தை விரிவாகவே எழுதுகிறேன். பணியிலிருக்கும் டிப்ளமோ நர்சுக்கு, அரசானாலும் தனியாரானாலும், செயல்முறை நாட்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். சான்றிதழைப் பிடித்து வைப்பவன் மேல் நடவடிக்கை வேண்டும். ஒவ்வொரு மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இந்தப் பட்டத்துக்குச் செயல்முறை மையம் வேண்டும். பாடத்தை இணைய வழியில் தருவதைக் கவுன்சிலின் மேற்பார்வையில் அரசே நடத்த வேண்டும். ஏஜெண்டுக்கு இடம் விடக் கூடாது. பட்டம் முடித்தால் ஊதிய உயர்வு வேண்டும். கிறித்தவரான தலித் பெண்ணுக்கும் பட்டியல் சாதியினருக்கான கட்டணச் சலுகை வேண்டும். மருத்துவமனைப் பணியாளரின் பிள்ளைகளுக்கும், விரும்பினால் அவர்களுக்குமே, நர்சிங் படிப்பில் இடம் ஒதுக்க வேண்டும். கேட்பதற்கு நர்சுகளிடம் சங்கம் இருக்கிறது. அந்தச் சங்கத்துக்குப் பக்கத்தில் நாம் நிற்கிறோமா என்பதுதான் நம் முன் இருக்கிற கேள்வி.

அக்கா நுழைவுத் தேர்வில் தேறிவிட்டாள். மையம் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நைட் டூட்டி முடித்து, ஓவர் கொடுத்துவிட்டு, யூனிஃபார்மோடு பஸ் ஏறுகிறாள். போகிற நாளெல்லாம் லாஸ் ஆஃப் பே. புத்தகத்தை பஸ்ஸில்தான் படிப்பதாகச் சொன்னாள். படிக்கிறாயா, தூங்குகிறாயா என்று கேட்டேன்.

"திண்டிவனம் வரைக்கும் படிப்பன். அப்பறம் புஸ்தகம் மடியில கெடக்கும். கண்டக்டர்தான் எழுப்பிவுடுவாரு."

அடுத்த கூட்டத்தில் அந்த வரியை மறுபடி கொண்டுவரப் போகிறேன். சிரிக்கிற தோழர் சிரிக்கட்டும். அன்றைக்கு அக்காவுக்கு ஆஃப் இருந்தால் அவளையே கூட்டிக்கொண்டு வருகிறேன். இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.